புதுச் செயின் போட்ட பிறகு வரும் கோளாறுகள்

தேய்ந்த செயினைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிய அன்றைக்கே வண்டி முன்னைவிட மோசமாக ஓடுவது சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலருக்கும் நேர்கிற ஏமாற்றம். நேற்றுவரை கரகரவென்று சத்தம் போட்டாலும் மிதித்த மிதிக்கு நகர்ந்த வண்டி, இன்றைக்குப் பாலம் ஏறும்போது அழுத்தி மிதித்ததும் 'டக்'கென்று ஒரு பல்லைத் தாண்டுகிறது. பெடல் சட்டென்று கீழே போகிறது, கால் வழுக்குகிறது. உடனே சந்தேகம் மூன்று பக்கம் பாயும். செயின் போலிச் சரக்கு என்பார்கள். மெக்கானிக் சரியாகப் பூட்டவில்லை என்பார்கள். கியர் செட்டிங் கலைந்துவிட்டது என்று சொல்லி ஸ்குரூடிரைவரை எடுத்துக் கண்ணில் படும் திருகையெல்லாம் திருப்பத் தொடங்குவார்கள். இவை மூன்றும் நடக்கக்கூடியவைதாம். என்றாலும் பெரும்பாலான வண்டிகளில் புதிய பாகம் சரியாகவே இருக்கும், பூட்டியதும் சரியாகவே இருக்கும். மாற்றாமல் விட்ட பழைய பாகம் புதியதோடு சேர மறுப்பதுதான் கோளாறாக வெளிப்படும். ஆகவே எந்தத் திருகையும் தொடுவதற்கு முன்னால், நழுவல் எப்போது வருகிறது, எந்தப் பல்சக்கரத்தில் வருகிறது, எத்தனை மிதிக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது அதைத்தான்.

செயின் 'நீண்டுபோச்சு' என்று பட்டறையில் சொல்வது வழக்கம். தகடுகள் இழுபட்டு நீள்வதால் அப்படி ஆவதில்லை. கண்ணிக்குக் கண்ணி ஒரு ரிவிட் இருக்கிறது; செயின் பல்சக்கரத்தில் வளையும் ஒவ்வொரு தடவையும் அந்த ரிவிட் தன் துளைக்குள் உரசித் திரும்புகிறது. மழைத்தண்ணீரும் புழுதியும் எண்ணெயோடு கலந்து உள்ளே போய் அரைக்க அரைக்க ரிவிட் மெலிகிறது, துளை அகலமாகிறது. புதுச் செயினில் ஒரு ரிவிட்டின் நடுவிலிருந்து அடுத்த ரிவிட்டின் நடுவரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் வழிவந்ததுதான் நம் வண்டியில் ஓடும் செயினும். பால்காரரின் கறுப்பு சைக்கிளானாலும் பின்னால் 12 பல்சக்கரம் வைத்த பந்தய வண்டியானாலும் இந்த அரை அங்குலம் ஒன்றுதான். ஒரு சதவீதத் தேய்மானம் என்றால் சராசரியாகக் கண்ணிக்கு 0.127 மி.மீ. கூடியிருக்கிறது, ஒரு வெள்ளைத்தாளின் தடிமனைவிடச் சற்றே அதிகம். ஆனால் 18 பல் கொண்ட பின் பல்சக்கரத்தில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 9 கண்ணிகளும், 44 பல் கொண்ட முன் செயின்வீலில் 22 கண்ணிகளும் படிந்திருக்கும். கூட்டிப் பார்த்தால் பின்னால் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும், முன்னால் ஏறத்தாழ 2.8 மி.மீ. அளவுக்கும் வித்தியாசம் சேர்ந்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட, உருளைகள் பள்ளத்தின் அடியில் உட்காராமல் பல்லின் சரிவில் கொஞ்சம் மேலேறி உட்காருகின்றன. மேலேறிய இடத்திலேயே நாள்தோறும் அழுந்தி, அந்த இடத்தைக் குடைந்து, தமக்குத் தோதான பள்ளத்தை அவையே செதுக்கிக்கொள்கின்றன.

இதில் பின் பல்சக்கரமே முதலில் அடிபடுகிறது. பல் குறைந்த சக்கரத்தில் ஒவ்வொரு பல்லும் அதிகத் தடவை செயினைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. 44க்கு 18 என்ற வண்டியில் பின்னால் உள்ள ஒரு பல், முன்னால் உள்ள ஒரு பல்லைப்போல இரண்டரை மடங்கு உழைக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. பலர் கவனிக்காதது அது, முக்கியமானதும் அதுவே. மிதிக்கும்போது செயினின் மேல் ஓட்டம் இறுக்கமாகவும் கீழ் ஓட்டம் தளர்வாகவும் இருக்கும். முன் செயின்வீலுக்குள் செயின் நுழைவது இறுக்கமான மேல்பக்கத்தில். பல் தேய்ந்திருந்தாலும் மிதிக்கிற விசையே உருளையைப் பள்ளத்துக்குள் இழுத்து உட்கார்த்திவிடும். பின் பல்சக்கரத்துக்குள் நுழைவதோ தளர்வான கீழ்ப்பக்கத்தில். அங்கே உருளையை உள்ளே தள்ளுவதற்குக் கியர் வண்டியில் கியரை மாற்றித் தரும் டெரெய்லரின் சுருள்வில் மட்டுமே இருக்கிறது. கியர் இல்லாத வண்டியில் அதுகூடக் கிடையாது. பல் கொக்கியாக வளைந்து தேய்ந்திருந்தால் புதுச் செயினின் உருளை அந்தக் கொக்கியின் நுனியிலேயே தடைபட்டு, பள்ளத்தில் இறங்காமல், பல்லின் தலையில் சவாரி செய்துகொண்டு மேலே வருகிறது. மேலே வந்ததும் முழு விசையும் அதன்மேல் விழுகிறது. பிடிப்பில்லாத உருளை வேறு என்ன செய்யும்? தாண்டிக் குதிக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, பின் பல்சக்கரத்தைப் பழைய துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்படி உட்காருங்கள். தேயாத பல்லில் இரண்டு சரிவுகளும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள பள்ளம் ஓர் உருளை சரியாகப் படியும் அரைவட்டமாக இருக்கும். தேய்ந்த பல்லில் விசை விழும் பக்கம் மட்டும் உள்ளே குழிந்திருக்கும், நுனி மெலிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், பள்ளம் நீண்டுபோயிருக்கும். பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மெதுவாகப் பெடலைச் சுற்றச் சொன்னால், கீழிருந்து நுழையும் உருளைகளில் சில பள்ளத்தின் அடியைத் தொடாமல் நிற்பதும், உருளைக்கும் பள்ளத்துக்கும் இடையே மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிவதும் கண்ணில் படும். கியர் வண்டியாக இருந்தால் எல்லாப் பல்சக்கரத்திலும் இது தெரியாது. நீங்கள் தினமும் ஓட்டுகிற ஒன்று அல்லது இரண்டு சக்கரத்தில் மட்டும் தெரியும். அநேகமாக அவை சிறிய சக்கரங்களாகவே இருக்கும். ஒரு கியரில் மட்டும் நழுவி மற்றவற்றில் நழுவாமல் இருந்தால், வேறு எதையும் தேட வேண்டாம், அந்தச் சக்கரம் தேய்ந்துவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பழைய செயின் இருந்தவரை ஒருநாளும் நழுவவில்லை, அதை மறுபடி மாட்டினால் இப்போதும் நழுவுவதில்லை, அப்படியானால் குறை புதுச் செயினில்தானே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அந்தச் சோதனை காட்டுவது வேறு. பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்தவை. ஒன்றின் தேய்மானத்துக்கு மற்றது அளவெடுத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. புதுச் செயினில் குறை இருக்கிறதா என்பதை அறிய ஸ்கேல் போதும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 30 செ.மீ. ஸ்கேலில் மறுபக்கம் 12 அங்குலம் குறித்திருக்கும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு ரிவிட்டின் இடது விளிம்பில் சுழியை வைத்தால், அங்கிருந்து 24 கண்ணி தள்ளி வரும் ரிவிட்டின் இடது விளிம்பு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். நின்றால் செயினின் அளவில் தப்பில்லை. பழைய செயினையும் அதே மாதிரி அளந்து பாருங்கள். பதினாறில் ஒரு பங்கு அங்குலம், அதாவது ஒன்றரை மி.மீ., தள்ளி நின்றால் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது. பல்சக்கரம் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ., தள்ளி நின்றால் ஒரு சதவீதம். பல்சக்கரமும் கூடவே போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இதனால்தான் கழற்றிய பழைய செயினை உடனே குப்பையில் போடக்கூடாது. கோளாறு வந்தால் கையில் இருக்கும் முதல் சாட்சி அதுதான்.

இரண்டாவது மறுப்பு கியர் இல்லாத வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து வரும். பின் சக்கரத்தை இழுத்துச் செயினை இறுக்கியதும் நழுவல் நின்றுவிட்டது, ஆகவே செயின் தளர்ச்சிதான் காரணம் என்பார்கள். நழுவல் நிற்பது உண்மைதான். கீழ் ஓட்டத்தில் விசை இல்லாததால்தான் உருளை பள்ளத்துக்குள் இறங்கவில்லை என்று முன்னே சொன்னோம். இறுக்கினால் அந்தக் கீழ் ஓட்டத்துக்கு விசை கிடைக்கிறது, உருளை கொக்கியைத் தாண்டி உள்ளே போகிறது. ஆக, இந்த வைத்தியம் பலிப்பதே பல் தேய்ந்திருக்கிறது என்பதற்குச் சான்று. ஆனால் அதற்கு வேறிடத்தில் விலை கொடுக்கிறோம். விறைப்பாக இழுத்த செயின் பின் ஆக்சில் பேரிங்கையும் கிராங்க் பேரிங்கையும் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், மிதிப்பது கனக்கும், புதுச் செயின் வேகமாகத் தேயும். கியர் இல்லாத வண்டியில் செயின்வீலுக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவே விரலால் தூக்கினால் செயின் ஏறத்தாழ அரை அங்குலம் ஆட வேண்டும். செயின்வீல் துல்லியமான வட்டமாக அமைவது அரிது என்பதால், பெடலை மெல்லச் சுற்றி, செயின் மிக விறைப்பாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் இந்த ஆட்டம் இருக்கும்படி வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்துவிட்டு வந்தால் மற்ற இடத்தில் செயின் கம்பியாக நிற்கும்.

'ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்' என்பது மூன்றாவது வாதம். நழுவல் மிக லேசாக, எப்போதோ ஒருமுறை வருகிறது என்றால் இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. புதுச் செயின் சிறிது தேய்ந்ததும் பழைய பல்லோடு ஒத்துப்போய்விடலாம். ஆனால் ஒத்துப்போவது என்றால் என்ன? காசு கொடுத்து வாங்கிய செயினின் ஆயுளில் ஒரு பகுதியைக் கெட்ட பல்லுக்குத் தீனியாகப் போடுவது. நழுவல் அடிக்கடி வரும் வண்டியில் இது வாதமே ஆகாது. எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென்று இறங்கினால் ஓட்டுகிறவரின் முழு எடையும் முன்னால் சரியும். பின்னால் லாரி வருகிற சாலையில் அது சின்ன விஷயமில்லை. அரத்தை வைத்துப் பல்லின் கொக்கியை ராவி விடுகிற பழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. கொக்கி போனால் உருளை உள்ளே இறங்கும், வண்டி வீடு வந்து சேரும். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது. பல்லின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டதாக இருந்தால் அந்தப் படலமும் அரத்தோடு போய்விடும். பிறகு தேய்மானம் இன்னும் விரைவாகும்.

இவ்வளவும் சொன்னதால் எல்லா நழுவலுக்கும் தேய்ந்த பல்தான் காரணம் என்று ஆகிவிடாது. வேறு காரணங்களைப் பிரித்தறிய நழுவலின் தாளத்தை எண்ணிப் பார்ப்பதே சுலபமான வழி. ஒழுங்கான இடைவெளியில், இரண்டு மூன்று மிதிக்கு ஒருமுறை, எந்தக் கியரில் போட்டாலும் ஓர் உதறல் வருகிறதா? செயினில் ஒரு கண்ணி விறைத்திருக்கிறது. 112 கண்ணி கொண்ட செயின் 44 பல் செயின்வீலில் ஒரு முழுச்சுற்று வர ஏறக்குறைய இரண்டரை மிதி, அதாவது பெடலின் இரண்டரைச் சுற்று, ஆகும். அந்த ஒரே கண்ணி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வந்து தொந்தரவு கொடுக்கிறது. பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டு டெரெய்லரின் கீழ்ச் சிறுசக்கரத்தைப் பார்த்தால், அந்தக் கண்ணி மட்டும் வளையாமல் முட்டிக்கொண்டு போவது தெரியும். கியர் இல்லாத வண்டியில் செயினைத் தளர்த்தி, ஒவ்வொரு கண்ணியாக விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். புதுச் செயினைப் பொருத்தும்போது ரிவிட்டை அடித்து இணைத்த இடமே பெரும்பாலும் குற்றவாளி; ரிவிட் ஒரு பக்கம் அதிகமாக உள்ளே போய் தகடுகளை நெருக்கியிருக்கும். அந்த இடத்தின் இருபுறமும் கட்டைவிரலை வைத்துப் பக்கவாட்டில் இரண்டு மூன்று தடவை நெளித்துவிட்டால் அநேகமாக இளகிவிடும். இந்தக் கோளாறுக்குப் போய் பின் பல்சக்கரத்தோடு சேர்ந்த ஃப்ரீவீலையே மாற்றியவர்கள் உண்டு. பணம் போனதுதான் மிச்சம்.

ஒவ்வொரு மிதிக்கும் ஒருமுறை, பெடல் ஒரே நிலைக்கு வரும்போது 'டக்' என்கிறது என்றால் செயினை விட்டுவிட்டுக் கிராங்க் பக்கம் வாருங்கள். பழைய பாணி வண்டிகளில் கிராங்கை ஆக்சிலோடு பூட்டும் காட்டர் பின் தளர்ந்திருந்தால், கிராங்க் ஆக்சிலின் மேல் லேசாக அசைந்து இதே மாதிரி அடி கொடுக்கும். காலுக்குச் செயின் நழுவியதுபோலவே தோன்றும். இரண்டு கிராங்கையும் கையால் பிடித்து எதிரெதிராக ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். செயின்வீலில் ஒரு பல் வளைந்திருந்தாலும் மிதிக்கு ஒருமுறைதான் சத்தம் வரும்.

தாளமே இல்லாமல், கனமாக மிதிக்கும்போது எப்போதாவது பெடல் அரைச்சுற்று வெறுமனே ஓடிவிட்டு மறுபடி பிடிக்கிறது என்றால் ஃப்ரீவீலைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குள் இருக்கும் சிறிய தடுப்பு நாக்குகள், பிசினாகிப்போன பழைய கிரீஸினாலோ தேய்மானத்தாலோ, உட்பற்களில் சரியாகப் போய்ச் சிக்குவதில்லை. இதையும் தேய்ந்த பல்லையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரித்தறிய ஒரு சாக்பீஸ் துண்டு இருந்தால் போதும். பின் பல்சக்கரத்தின் ஒரு பல்லிலும், அதற்கு நேராக ஹப்பிலும் ஒரு கோடு போடுங்கள். பின் பிரேக்கை இறுகப் பிடித்து, பெடலைக் காலால் பலமாக அழுத்துங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வெவ்வேறு நிலைகளில் இதைச் செய்ய வேண்டும். ஹப்பில் உள்ள கோடு அசையாமல் இருக்க, பல்லில் உள்ள கோடு மட்டும் முன்னால் ஓடினால் ஃப்ரீவீலே குற்றவாளி. நின்ற நிலையில் எவ்வளவு அழுத்தியும் எதுவும் நழுவாமல், ஓட்டும்போது மட்டும் நழுவினால் சந்தேகம் பல்லுக்குத் திரும்புகிறது. ஏனென்றால் தேய்ந்த பல், செயின் ஓடிக்கொண்டிருந்து புதிய உருளை கீழிருந்து நுழையும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். நின்றிருக்கும் வண்டியில் அதற்கு வாய்ப்பு குறைவு.

கியர் வண்டியில் செயினோடு ஃப்ரீவீலையோ கேசட்டையோ மாற்றியிருந்தால் கியர் மாறும் கோளாறுகளும் சேர்ந்துகொள்ளும். இங்கேயும் திருகுகளுக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. முதலில் பின் சக்கரம் ஃபிரேமின் காடியில் இரண்டு பக்கமும் முழுதாக உள்ளே போய் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டிய சக்கரம் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தாலே எல்லாக் கியரும் தடுமாறும், நட்டைத் தளர்த்திச் சரியாக உட்கார்த்தினால் எல்லாம் சரியாகிவிடும். அடுத்தது செயினின் அகலம். நீளவாட்டில் எல்லாச் செயினும் அரை அங்குலம்தான் என்றாலும் அகலம் அப்படியில்லை. பின்னால் 6, 7, 8 பல்சக்கரம் உள்ள வண்டிகளின் செயின் வெளிப்புறம் ஏறத்தாழ 7 மி.மீ. இருக்கும், 10 சக்கரத்துக்கு ஏறத்தாழ 6, 11 சக்கரத்துக்கு அதைவிடக் குறைவு. அகலமான செயினை நெருக்கமான கேசட்டில் போட்டால் பக்கத்துச் சக்கரத்தில் உரசிக்கொண்டே இருக்கும், எந்தத் திருகாலும் அதைத் தீர்க்க முடியாது. கியர் இல்லாத வண்டிக்கும் இது பொருந்தும்: அதன் பல்சக்கரங்களில் பல எட்டில் ஒரு பங்கு அங்குல உள்ளகலம் கொண்ட செயினுக்காகச் செய்யப்பட்டவை, கியர் வண்டிக்கான ஒடுக்கமான செயினை அங்கே மாட்டினால் அது பல்லுக்குள் இறங்கவே இறங்காது. கடைக்குப் போகும்போது பழைய செயினைக் கையோடு கொண்டுபோவது இதற்காகவும்தான். ஆனால் நீளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வெட்டக்கூடாது, பழையது தேய்ந்து நீண்டிருக்கும். கண்ணியை எண்ண வேண்டும். ஃப்ரீவீலின் பெரிய சக்கரம் முன்னைவிடப் பெரியதாக மாறியிருந்தால் அந்த எண்ணிக்கையும் உதவாது. அப்போது செயினை டெரெய்லருக்குள் விடாமல் முன்னாலும் பின்னாலும் பெரிய சக்கரங்களின் மேல் நேராகச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுவது நம்பகமான முறை. குட்டையாக வெட்டிய செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறும்போது டெரெய்லரையே பிய்த்துவிடக்கூடும்.

இவை சரியாக இருந்தும் கியர் தயங்கினால் அதன் பிறகே கேபிளுக்கு வாருங்கள். 'எச்', 'எல்' என்று குறித்த இரண்டு திருகுகளும் செயின் சிறிய சக்கரத்துக்கு வெளியேயும், பெரிய சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளுக்குள்ளும் விழாமல் தடுக்கும் எல்லைகள் மட்டுமே. நடுவில் உள்ள கியர்கள் எப்படி மாறுகின்றன என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. புதிய ஃப்ரீவீலின் கனம் பழையதோடு ஒத்ததாக இல்லாவிட்டால் எல்லைகளை ஒருமுறை சரிபார்ப்பது அவசியம், அதோடு அவற்றின் வேலை முடிந்தது. நடுக் கியர்களைச் சரிசெய்வது கேபிளின் இழுவிசை. அதைக் கேபிள் அட்ஜஸ்டரில் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மரை வைத்துப் பூட்டும் ஃப்ரீவீல், மாட்டிய பின் முதல் தடவை பலமாக மிதிக்கும்போது இன்னும் கொஞ்சம் இறுகி உள்ளே போகும். ஆகையால் அதைப் பூட்டியவுடன் செட்டிங் செய்யாமல், மேட்டில் ஒரு தடவை அழுத்தி ஓட்டிவிட்டு வந்து செய்வது நல்லது. பூட்டுவதற்கு முன் மரையில் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம். தடவாவிட்டால் அடுத்த முறை கழற்றும்போது படும் பாடு சொல்லி மாளாது. கேபிளும் ஒத்துவராமல், சில கியர்கள் சரியாகவும் சில கியர்கள் தப்பாகவும் வந்தால் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் இது மிகச் சாதாரணம். பின்னால் நின்று பார்த்தால் டெரெய்லரின் சிறுசக்கரங்கள் மேலே உள்ள பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் தொங்க வேண்டும்.

முன் செயின்வீல் பெரும்பாலும் நழுவாது, அதற்கான காரணத்தைப் பார்த்தோம். ஆனால் அது வேறு விதமாகத் தொந்தரவு தரும். மூன்று செயின்வீல் உள்ள வண்டியில் சிறிய வீலின் பல் தேய்ந்து கொக்கியாகியிருந்தால், புதுச் செயின் கீழே விடுபட வேண்டிய இடத்தில் விடுபடாமல், பல்லிலேயே தொற்றிக்கொண்டு மேலே ஏறி ஃபிரேமின் குழாயில் போய் மாட்டிக்கொள்ளும். அந்தக் குழாயில் கீறல்கள் விழுந்திருந்தால் இதுதான் நடக்கிறது. எண்ணெய் போட்டால் தற்காலிகமாகக் குறையும். அந்த ஒரு வீலை மாற்றுவதே தீர்வு.

அப்படியானால் ஒவ்வொரு தடவையும் செயின், ஃப்ரீவீல், செயின்வீல் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். கியர் வண்டிக்கு இந்த யோசனை வீண்செலவு. மூன்றிலும் விலை குறைந்தது பொதுவாகச் செயின்தான். அது அரை சதவீதத்திலிருந்து முக்கால் சதவீதத்துக்குள் தேய்ந்திருக்கும்போதே மாற்றிக்கொண்டு வந்தால், ஒரே ஃப்ரீவீல் இரண்டு மூன்று செயினுக்குத் தாங்கும். பின்னால் 11, 12 சக்கரம் உள்ள வண்டிகளுக்கு அரை சதவீதமே எல்லை. கியர் இல்லாத வண்டிக்கு விஷயம் வேறு. அங்கே நான் எதிர்த்தரப்போடு உடன்படுகிறேன். அதன் செயினும் பல்லும் கனமானவை, மெதுவாகத் தேய்பவை, மாற்று பாகங்களும் மலிவானவை. மூன்றையும் சேர்த்துத் தேயவிட்டு, இனி முடியாது என்ற கட்டத்தில் மூன்றையும் ஒன்றாக மாற்றுவது அந்த வண்டிக்குச் சரியான கணக்கு. இரண்டு வழிக்கும் நடுவில் நிற்பதுதான் தவறு: செயினை முற்றாகத் தேயவிட்டுவிட்டு, கடைசியில் செயினை மட்டும் மாற்றுவது. இந்த அத்தியாயத்தில் பார்த்த நழுவல்களில் பெரும்பகுதி அந்த ஒரு செயலிலிருந்து வருபவை.

வேலை முடிந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். செயின் லாக் கிளிப் வைத்து இணைத்திருந்தால், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மேல் ஓட்டத்தில் அது முன்பக்கம். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். புதுச் செயினில் தொழிற்சாலையிலேயே போட்டிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டாம். ரிவிட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும் அந்தக் கிரீஸைப்போல நாம் வெளியிலிருந்து விடும் எண்ணெய் ஆழமாகப் போகாது. வெளியே பிசுபிசுப்பாக இருந்தால் துணியால் துடைத்தால் போதும். பிறகு ஆள் நடமாட்டமில்லாத தெருவில், இருக்கையில் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு கியரிலும் கொஞ்சதூரம் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு அழுத்தி மிதித்துப் பாருங்கள். ஒரு கியரில்கூட நழுவாமல் இருந்தால்தான் எழுந்து நின்று மிதிக்கலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வண்டியாக இருந்தால் இந்தச் சோதனையைப் பெரியவர் ஒருவர் செய்து முடிக்கும்வரை அதைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.